நூற்றுக்குத் தொண்ணூற்றொன்பது

"ஏங்க... அந்த ஷட்டரைக் கொஞ்சம் எறக்குங்க. மழை பூரா எம்மேலதான் அடிக்குது."

பின் சீட்டிலிருந்து வந்த குரலுக்கு வெண்மதி திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

"எறக்க முடியாதுங்க. மூடுனா எனக்கு வாந்தி வரும்."

"அப்ப நான் நனையறது பரவாயில்லையா?"

"நனைஞ்சா என்ன, கரைஞ்சா போயிடுவீங்க?"

பக்கத்து சீட்டில் கீரைக்கட்டோடு உட்கார்ந்திருந்த அம்மாள் வாயை மூடிக்கொண்டு சிரித்தாள். பாலக்கோட்டிலிருந்து மாரண்டஹள்ளி போகும் ஆறு மணி பஸ். ஐப்பசி மழை பேய்த்தனமாகக் கொட்டிக்கொண்டிருந்தது.

"நான் கரைய மாட்டேங்க... மடியில வெச்சிருக்கறது கரைஞ்சிடும்."

அந்தக் குரலில் என்னவோ இருந்தது. வெண்மதி திரும்பினாள்.

முப்பது வயசு இருக்கும். நெற்றியில் ஒட்டிய ஈரத் தலைமுடி... இரண்டு மூன்று நாளாகச் சவரம் பார்க்காத கன்னம்... ரொம்ப நாளாகச் சரியாகத் தூங்காத கண்கள். அந்தக் கண்களை வைத்துக்கொண்டு இவனுக்குக் கிண்டல் வேறு! பார்த்ததும் கோபப்படத்தான் நினைத்தாள். வரவில்லை. அவள் பார்வையை அவளே இழுத்துப் பிடித்துக் கீழே இறக்க வேண்டியிருந்தது.

மடியில் செய்தித்தாள் சுற்றிய ஒரு ஃப்ரேம். மழையில் தாள் ஊறிக் கிழிந்து, கண்ணாடிக்குப் பின்னால் ஒரு முகம் தெரிந்தது. இரண்டு பக்கமும் மூக்குத்தி. கழுத்தில் செபமாலை. கொஞ்சம் தூக்கலான முன்பற்கள்.



அந்த முகத்தை அவள் வாழ்க்கையில் இரண்டே இரண்டு தடவைதான் நேரில் பார்த்திருக்கிறாள். ஆனால் பதினோரு மாதமாக அதைப் பார்க்காமல் ஒரு நாளும் விடிந்ததில்லை.

அவள் கை தானாகவே போய் ஷட்டரை இறக்கியது.

"அடேங்கப்பா... உடனே மனசு எறங்கிடுச்சே!" அவன் சிரித்தான். "எங்கம்மாங்க. அடுத்த மாசம் வருசம் திரும்புது. அதான் போட்டோவுக்கு ஃப்ரேம் போட்டு எடுத்துட்டுப் போறேன்."

அவள் துப்பட்டா நுனியால் வாயைப் பொத்திக்கொண்டாள். அவன் பதறிப்போனான்.

"ஐயையோ, நெசமாவே வாந்தி வருதா? இருங்க இருங்க..." எழுந்து நின்று, சட்டைப் பொத்தான் இரண்டைக் கழற்றி ஃப்ரேமை உள்ளே நெஞ்சோடு செருகிக்கொண்டு, எட்டி ஷட்டரை அவனே மேலே தள்ளிவிட்டான். மழை இருவர் முகத்திலும் அறைந்தது. "இப்ப நல்லாக் காத்து வாங்குங்க. எங்கம்மா பத்திரமா இருக்காங்க."

வெண்மதிக்கு வாந்தி வரவில்லை. அவள் அழுதுகொண்டிருந்தாள். மழை அடித்ததால் அது யாருக்கும் தெரியவில்லை.

போன வருஷம் வரைக்கும் அவள் பாலக்கோட்டில் ஒரு தனியார் லேபில் டெக்னீசியன். சாலம்மாள் என்கிற அந்த அம்மா ஒரு சனிக்கிழமை மத்தியானம் அங்கே வந்தாள், மகனுடைய ரத்த ரிப்போர்ட்டை வாங்கிக்கொண்டு போக. மகன் பெயர் அந்தோணி பிரகாஷ். அவனுக்குக் கல்யாணம் நிச்சயமாகியிருந்தது. அவர்கள் ஊர்க் கோயிலில் மூன்று ஞாயிற்றுக்கிழமை பூசையில் ஓலை வாசிப்பார்கள். இன்னாருக்கும் இன்னாருக்கும் கல்யாணம், தடை ஏதும் தெரிந்தவர்கள் சொல்லலாம் என்று. மூன்றாவது ஓலைக்குள் பொண்ணும் மாப்பிள்ளையும் எச்.ஐ.வி. பரிசோதனை ரிப்போர்ட் கொடுத்துவிட வேண்டும் என்பது அந்தப் பங்குக் கோயிலின் வழக்கம்.

அவன் ரத்தம் கொடுக்க வந்த நாளில் வெண்மதி லீவு. அவனை அவள் பார்த்ததில்லை. சாம்பிளைத்தான் பார்த்தாள். ஒரு கோடு விழுந்திருக்க வேண்டிய பட்டையில் இரண்டு கோடு விழுந்திருந்தது.

அந்த முடிவை அவனைத் தவிர யாரிடமும் சொல்லக் கூடாது. அது அவளுக்கும் தெரியும். ஆனால் அந்த அம்மா கவுண்டரைப் பிடித்துக்கொண்டு, எனக்கு எழுத்துத் தெரியாது பாப்பா, என்ன போட்டிருக்குன்னு சொல்லு, சொல்லு என்று கெஞ்சினாள். வெண்மதி சொல்லிவிட்டாள். சரியாக இருக்குமா என்று அந்த அம்மா கேட்டபோது, பரிசோதனைக் கிட் டப்பா மேல் அச்சடித்திருந்ததை அப்படியே ஒப்பித்தாள். "நூத்துக்குத் தொண்ணூத்தொம்பது உறுதிதாம்மா."

மறுநாள் மூன்றாவது ஓலை வாசிக்கப்படவில்லை.

பதினேழு நாள் கழித்து சாலம்மாள் குழாயடியில் குடத்தோடு விழுந்து செத்துப்போனாள். அதற்கப்புறம்தான் அவன் அரசு ஆஸ்பத்திரிக்குப் போய் மறுபடி பரிசோதித்துக்கொண்டான். மூன்று விதமாகப் பார்த்தார்கள். அவனுக்கு நோய் இல்லை. அந்தச் சீட்டை லேபில் கொண்டுவந்து விசிறியடித்துவிட்டுப் போனான் என்று கேள்விப்பட்ட அன்றே வெண்மதி வேலையை விட்டாள்.

இப்போது அதே அரசு ஆஸ்பத்திரியில் ஒப்பந்த வேலை. ஆனால் மனசு மட்டும் அந்தக் கவுண்டரிலேயே நிற்கிறது.

விதி என்று ஒன்று இருந்தால் அதற்குக் கொஞ்சம்கூட ஈவிரக்கம் கிடையாது. அவனுடைய டாட்டா ஏஸ் இன்ஜின் வேலைக்காகப் பட்டறையில் கிடந்தது. தக்காளி மண்டியில் வேலை முடிந்து அவனும் தினமும் அந்த ஆறு மணி பஸ்ஸுக்கே வந்தான்.

"வணக்கங்க, வாந்தி மேடம்."

"எனக்குப் பேரு இருக்குங்க."

"சொன்னாத்தானே தெரியும்?"

"...வெண்மதி."

"மதின்னா நிலாதானே? மழைக்காலத்துல நிலாவை எங்க பாக்கறது... பஸ்ஸுலதான் பாக்கணும் போல."

ஐயோ, இந்த மாதிரிப் பேசாதீங்களேன் என்று மனசுக்குள் கெஞ்சினாள். அவன் பேசப் பேச அவளுக்குச் சிரிப்பு வந்தது. சிரிக்கச் சிரிக்கப் பயம் வந்தது. எங்கே வேலை என்று கேட்டான். ஆஸ்பத்திரியில் என்றாள். பொய் இல்லை. ஆனால் உண்மையும் முழுசாக இல்லை.

ஐந்தாம் நாள் அவன் வராமல் போனபோது, பஸ் கிளம்பும்வரை படியையே பார்த்துக்கொண்டிருந்தாள். அன்றைக்குத்தான் தனக்கு என்ன நேர்ந்துவிட்டது என்று அவளுக்கே தெரிந்தது. வேறு யார் மேலாவது வந்திருக்கக் கூடாதா இந்தப் பாழாய்ப்போன ஆசை!

மறுவாரம் பஸ் லேட். ஸ்டாண்டு டீக்கடைத் தகரக் கொட்டகையில் ஒதுங்கி நின்றார்கள். கையில் டீயோடு அவன் திடீரென்று எல்லாவற்றையும் சொன்னான். ஓலையைச் சொன்னான். அந்த மூன்றாவது ஞாயிற்றுக்கிழமை, ஃபாதர் அறிவிப்பெல்லாம் படித்து முடித்துவிட்டு, அவன் பேரைப் படிக்காமலே ஜெபத்துக்குப் போனதைச் சொன்னான்.

"யாரும் ஒரு வார்த்தை கேக்கலைங்க. கோயிலே திரும்பி என்னைப் பாத்துச்சு... அவ்வளவுதான். பொண்ணு வூட்டுல ஒரு வாரத்துல முடியாதுன்னுட்டாங்க. அதைக்கூட விடுங்க. அந்தப் பதினேழு நாளும் எங்கம்மா எங்கூட ஒரு வார்த்தை பேசல. நானும் அவங்க மூஞ்சியப் பாக்கல. வண்டியிலயே படுத்துக்குவேன். என்னைக் கெட்டவன்னு நெனச்சுக்கிட்டே போயிட்டாங்க. எனக்கு நோயே இல்லைன்னு வந்த அன்னைக்கு அதைச் சொல்றதுக்கு வூட்டுல ஆள் இல்ல."

வெண்மதியின் கையில் டீ ஆறிப்போனது.

"நீங்க ஆஸ்பத்திரியில இருக்கறவங்க... எனக்கு ஒண்ணு சொல்லுங்க. மொத டெஸ்ட் பொய்யின்னா ரெண்டாவது மட்டும் எப்படி நெசமாவும்? ஊருல இன்னமும் அப்படித்தான் கேக்கறாங்க."

இதற்கான பதிலைத்தானே அவள் பதினோரு மாதமாகப் படித்துக்கொண்டிருந்தாள்! ஆஸ்பத்திரியில் ஆலோசகராக இருக்கும் கவிப்பிரியாவிடம் உட்கார்ந்து, நோட்டில் கோடு போட்டுப் போட்டுப் படித்தது.

"உங்க மண்டியில பழம் பிரிக்கறப்ப, ஒரு அழுகல்கூட பெட்டிக்குள்ள போயிடக் கூடாதுன்னு சொன்னா என்ன பண்ணுவீங்க?"

"லேசா சந்தேகமா இருந்தாலும் எடுத்து ஓரமா வெச்சிடுவோம்."

"அப்ப நல்ல பழமும் சிலது ஓரமாப் போயிடுமில்ல?"

"போவும்."

"மொத டெஸ்ட் அப்படித்தாங்க. நோய் இருக்கற ஒருத்தரைக்கூட விட்டுடக் கூடாதுன்னு செஞ்சது. ஓரமா வெச்சதை மறுபடி ஒவ்வொண்ணா எடுத்து, வேற விதமாப் பாக்கணும். ரெண்டாவது, மூணாவது டெஸ்ட் அதுக்குத்தான். ஓரமா வெச்ச ஒடனே அழுகல்னு முடிவு கட்டக் கூடாது."

"ஆனா டப்பாவுல தொண்ணூத்தொம்பதுன்னு போட்டிருக்காமே?"

"கேளுங்க... ஆயிரம் பேருக்குப் பாக்கறோம். அதுல நெசமா ரெண்டு பேருக்குத்தான் இருக்குன்னு வெச்சுக்குவோம். அந்த ரெண்டு பேருக்கும் கோடு விழுந்திடும். மீதிப் பேருல நூத்துக்கு ஒருத்தருக்குத் தப்பா விழுவும். அப்ப தப்பா எத்தனை?"

"பத்து."

"மொத்தம் பன்னெண்டு பேருக்குக் கோடு. அதுல நோயாளி ரெண்டே பேரு. கோடு விழுந்தவரைப் பாத்து தொண்ணூத்தொம்பது உறுதின்னு சொல்லவே கூடாதுங்க. ஆறுல ஒண்ணுதான். அப்படியே இருந்தாலும் என்ன... மாத்திரை இருக்கு, கல்யாணம் பண்ணிக்கலாம், புள்ள பெத்துக்கலாம். அதையும் யாரோ சொல்லியிருக்கணும்."

அவன் டீ கிளாஸைக் கடைப் பலகையில் வைத்தான்.

"இவ்வளவு சுளுவா இருக்குதுங்களே. இதை அன்னைக்கு ஒருத்தர் சொல்லியிருந்தா எங்கம்மா... அந்த லேப்ல ஒரு பொண்ணுதான் சொல்லுச்சாம், நூத்துக்குத் தொண்ணூத்தொம்பதுன்னு. பக்கத்து வூட்டு அக்காகிட்ட எங்கம்மா அதையே சொல்லிச் சொல்லிப் பொலம்பியிருக்காங்க. அது யாருன்னு தெரியல. தெரியாம இருக்கறதே நல்லது."

பஸ் வந்தது. வெண்மதி ஜன்னலோர சீட்டில் உட்கார்ந்து, அன்றைக்கு ஷட்டரை அவளே மூடிக்கொண்டாள்.

"சொல்லிடு," என்றாள் கவிப்பிரியா மறுநாள். "வேற யார் வாயிலயாவது கேட்டா அந்த ஆளு தாங்க மாட்டாரு."

"சொன்னா போயிடுவாருக்கா."

"சொல்லாட்டி மட்டும் இருப்பாரா? நீ இருப்பியா அவரோட?"

கவிப்பிரியாவுக்கே தெரியாத இன்னொன்றும் வெண்மதியிடம் இருந்தது. அந்த அம்மாவை இரண்டாம் தடவை பார்த்தது. அதை அவள் யாரிடமும் சொன்னதில்லை. வாய்வரை வரும். வெட்கம் பிடித்துத் தள்ளிவிடும்.

வண்டி பட்டறையிலிருந்து வந்துவிட்டது என்று அவன் ஒரு நாள் சொன்னான். இனிமேல் ஆறு மணி பஸ்ஸுக்கு அவன் வர வேண்டியதில்லை. மாரண்டஹள்ளியில் இறங்கியதும் அவன் காதைச் சொறிந்துகொண்டு நின்றான்.

"ரெண்டாந்தேதி கல்லறைத் திருநாளுங்க. எங்கம்மாவுக்கு இது மொத வருசம். நீங்க... வர்றீங்களா?"

"நான் எதுக்குங்க?"

"எங்கம்மாகிட்ட உங்களைக் காட்டணும்." சொல்லிவிட்டு முகம் சிவந்து, பின்னால் திரும்பிப் பார்க்காமல் விறுவிறுவென்று நடந்துவிட்டான். எந்தப் பெண்ணும் கேட்க ஆசைப்படும் வார்த்தை. அதைக் கேட்டுவிட்டு வீட்டுக்குப் போய்க் குளியலறைக் கதவைச் சாத்திக்கொண்டு அழுதவள் இவள் ஒருத்தியாகத்தான் இருப்பாள்.

இரண்டாம் தேதி சாயங்காலம் தூறல்தான். கல்லறைத் தோட்டம் முழுக்கச் சாமந்தியும் கோழிக்கொண்டையும் சாம்பிராணிப் புகையும். ஃபாதர் ஒவ்வொரு கல்லறையாக மந்திரித்துவிட்டுப் போய்விட்டார். புதுசாகச் சுண்ணாம்பு அடித்த ஒரு கல்லறையின் முன் பிரகாஷ் குடை பிடித்துக்கொண்டிருந்தான். தனக்கு இல்லை, மெழுகுவத்திக்கு.

அவளைப் பார்த்ததும் அவன் முகம் மலர்ந்ததே... அந்த ஒரு நிமிஷத்தை மட்டும் எடுத்து ஒளித்து வைத்துக்கொள்ள முடிந்தால் என்று நினைத்தாள்.

"அம்மா..." என்றான் அவன் கல்லறையிடம். "நான் சொன்னேனே, ஷட்டரை மூட மாட்டேன்னு சண்டை போட்ட புள்ள. இதுதாம்மா."

"பிரகாஷ்." முதல் தடவையாகப் பேர் சொல்லிக் கூப்பிட்டாள். "அவங்களுக்கு என்னைத் தெரியும்."

"எப்படிங்க?"

"நூத்துக்குத் தொண்ணூத்தொம்பதுன்னு சொன்ன பொண்ணு நான்தாங்க."

அவன் புரியாமல் பார்த்தான். பிறகு புரிந்துகொண்டு பார்த்தான். குடை தாழ்ந்தது. மெழுகுவத்தி அணைந்தது.

"ரிப்போர்ட்டை உங்ககிட்ட மட்டுந்தான் சொல்லணும்னு சட்டம் இருக்கு. நான் உங்கம்மாகிட்ட சொன்னேன். அந்தக் கணக்கு அன்னைக்கு எனக்கே தெரியாது. தெரியாதுன்னாவது சொல்லியிருக்கணும். மறுபடி பாக்கணும்னு ஒரு வார்த்தை சொல்லியிருக்கணும். சொல்லல."

"போயிடுங்க." குரல் அவனுடையது மாதிரியே இல்லை.

"போறேங்க. ஆனா எங்கிட்ட உங்களோடது ஒண்ணு இருக்கு. அதைக் குடுத்துட்டுப் போயிடறேன்."

அவன் முதுகைக் காட்டிக்கொண்டு நின்றான். அந்த முதுகிடம்தான் அவள் சொன்னாள்.

"உங்கம்மா சாவறதுக்கு மூணு நாள் முன்னாடி மறுபடி லேபுக்கு வந்தாங்க. காலைல ஏழு மணிக்கு, வெறும் வயித்தோட. கவுண்டர் மேல இடது கையை நீட்டினாங்க. 'என் ரத்தத்தை எடுத்துப் பாரு பாப்பா. அவன் எவ்வயித்துல பொறந்தவன். எனக்கு இல்லேன்னா அவனுக்கும் இல்லதானே... அப்படின்னு ஒரு சீட்டு எழுதிக் குடு'ன்னாங்க. நான்... கூட இருந்த பொண்ணைப் பாத்துச் சிரிச்சிட்டேன்."

முதுகு அசையவில்லை.

"அப்படியெல்லாம் பாக்க முடியாதும்மா, தொண்ணூத்தொம்பது உறுதின்னு அன்னைக்கே சொன்னேனேன்னேன். அதுக்கு அவங்க, 'மீதி ஒருத்தன் இருக்கானில்ல பாப்பா, அது ஏன் எம்புள்ளையா இருக்கக் கூடாது? எனக்கு அவனைத் தெரியும். உன் மிசினுக்குத் தெரியுமா?'ன்னு கேட்டாங்க. நோட்டு நோட்டாப் போட்டு நான் இப்பக் கத்துக்கிட்டதை அவங்க அன்னைக்கே கேட்டுட்டாங்க. எனக்கு பதில் தெரியல."

அவன் மெல்லத் திரும்பினான்.

"வேற... வேற என்ன சொன்னாங்க?"

"நம்பறீங்கன்னா அதை வூட்டுல உங்க மகன்கிட்டயே சொல்லுங்கம்மான்னேன். 'நான் சொன்னா தாயி ஆறுதலுக்குச் சொல்றான்னு நெனைப்பான். எம்மூஞ்சியவே பாக்க மாட்டேங்கறான். நான் அவனைச் சந்தேகப்படறேன்னு நெனச்சுக்கிட்டான் போல. சீட்டுல எழுதியிருந்தா நம்புவான்'னாங்க. அந்தக் கையை மடக்கிக்காம ரொம்ப நேரம் நின்னாங்க. அப்பறம் போயிட்டாங்க."

அவன் ஈர மண்ணில் அப்படியே உட்கார்ந்துவிட்டான். அம்மாவின் கல்லறை விளிம்பைப் பிடித்துக்கொண்டு, பெரிய ஆம்பிளை, குழந்தை மாதிரி ஏங்கி ஏங்கி அழுதான். பக்கத்துக் கல்லறைக்காரர்கள் திரும்பிப் பார்த்தார்கள். திருநாள் அன்று யார் அழுதாலும் யாரும் கேட்பதில்லை.

வெண்மதியும் அழுதாள். "இதைச் சொன்னா நீங்க என்னை வெறுத்துடுவீங்கன்னு தெரியும். சொல்லாம உங்களைப் பிடிச்சிருக்குன்னு சொல்றதுக்கு எனக்கு வாய் வரல. உங்களை எனக்கு ரொம்பப் பிடிச்சிருக்குங்க. ரெண்டையும் சொல்லிட்டேன். நான் வர்றேங்க."

நாலடி நடந்திருப்பாள்.

"வெண்மதி."

நின்றாள்.

"இன்னைக்கு என்னால உங்களை மன்னிக்க முடியலைங்க. என்னைக்கு முடியும்னும் தெரியல."

"வேண்டாங்க. நான் கேக்கவும் இல்ல."

"உங்களைப் பிடிச்சிருக்குன்னு எங்கம்மாகிட்ட சொல்லத்தான் இன்னைக்கு வரச் சொன்னேன். இப்பவும் பிடிச்சுத்தான் இருக்கு... அதுதாங்க தாங்க முடியல." அவன் புறங்கையால் முகத்தைத் துடைத்துக்கொண்டான். "எங்கம்மா என்னை நம்புனாங்கன்னு தெரிஞ்ச ஆளு இந்த ஒலகத்துல நீங்க ஒருத்தர்தான். போயிடாதீங்க. இப்படி வந்து உக்காந்து... அவங்க சொன்னதை இன்னொரு தடவை சொல்லுங்க."

அவள் திரும்பி வந்து, அவனுக்கு ஒரு கை தள்ளி மண்ணில் உட்கார்ந்தாள். தூறலில் நனைந்துகொண்டே முதலிலிருந்து சொல்ல ஆரம்பித்தாள்.